கால்

விழவில்லை, இடறவில்லை.
கிடங்கில் பத்து மணிநேரம் நின்றேன், அவ்வளவுதான்.
வலது பாதத்தில், நடுவிரலுக்குப் பின்னால்
மயிரிழையாய் ஒரு விரிசல்.

மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார்.
எலும்பு, இருக்க வேண்டியதில்
முக்கால்தான் இருக்கிறதாம்.
மீதிக் கால் எங்கே போயிற்று என்று
கேட்க நினைத்தேன்.
ஆங்கிலத்தில் அது வேடிக்கையாக வராது.

பால் குடிப்பீர்களா?
பாலுக்கு என்னைப் பிடிக்காது, டாக்டர்.
அரை டம்ளர் இறங்கினால்
அடிவயிற்றில் தவில் கச்சேரி,
அதன்பின் ஒரு மணிநேரம்
நானும் குளியலறைத் தாழ்ப்பாளும்.

ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிகிராம் என்று எழுதித் தந்தார்.
ஆயிரம் என்றதும் பயந்தேன்.
காருக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டால்
ஒரே ஒரு கிராம்.
தங்கமென்றால் ஒரு மூக்குத்தி.

அந்த மூக்குத்தி வந்து சேராத நாளில்
இரத்தம் போய் எலும்பின் கதவைத் தட்டுமாம்.
எலும்பு கைமாற்றாய்க் கொடுக்குமாம்
சீட்டு எழுதாமல், சாட்சி இல்லாமல்.
நாற்பத்தொன்பது வருடம்
என் இதயம் துடித்தது
என்னிடமே வாங்கிய கடனில்.

குளிர்பெட்டியைத் திறந்துவைத்து நின்றபடி
கேலன் பாலை வாயில் கவிழ்க்கும் திருமாறன்
பை பையாய்ப் பசலைக்கீரை வாங்கி வந்தான்.
மூன்று நாள் மசித்துத் தின்ற பிறகு படித்தேன்:
அதில் நிறைய இருக்கிறது, ஆனால் தராது.
மொய்க் கவரை நீட்டிவிட்டு
மறுமுனையை விடாத கை.

முருங்கைக்கீரை அப்படியில்லை என்றார்கள்.
சீனக்கடை ஐஸ் பெட்டியில்
செங்கல்லாய் உறைந்து கிடந்தது.
மத்தி மீன் டப்பா, முள்ளோடு.
முள்ளைப் பார்த்துத் தின்னு என்றே கேட்டு வளர்ந்த வாய்
முள்ளைத் தேடித் தின்றது.
தோல் நீக்காத எள்ளை வறுத்து
வெல்லத்தில் உருட்டினேன்.
தினமும் எள்ளா, யாருக்குத் திதி என்றான்.
எனக்கு வராமலிருக்கத்தான் என்றேன்.
அன்று அவன் பால் குடிக்கவில்லை.

ஞாயிறு காலை, வேலிக்கு அப்பால்
ஒஃபேலியா அண்டாவில் மக்காச்சோளம் ஊறவைத்திருந்தாள்.
ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்தாள்.
வாசனை வந்ததும்
என் ஊன்றுகோல் நின்றுவிட்டது.
சான் அன்டோனியோவின் பின்கட்டில்
வெற்றிலைக் கடை.

பையைத் தூக்கிக் காட்டினாள். மூன்றே எழுத்து.
கால், என்று வாசித்தாள்.
நான் கட்டுப்போட்ட பாதத்தைக் காட்டினேன்.
இல்லை, இது என்று பொடியைக் காட்டினாள்.
ஆமாம், இதுதான் என்றேன்.
இருவரும் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

துணியில் சுற்றிப் பன்னிரண்டு ரொட்டிகள் தந்தாள்.
சுண்ணாம்பில் ஊறித் தோலுரிந்த சோளம்.
ஒன்றில் கொஞ்சம்தான் இருக்கும்.
போனதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே.

சூடாக ஒன்றைத் தின்றுவிட்டு
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.
கெட்டிலின் அடியில் அந்த வெள்ளைப் படிவு.
இந்த ஊர்த் தண்ணீர்
சுண்ணாம்புக்கல்லுக்குள் நடந்து வருகிறது.
பதினோரு வருடம், மாதம் தவறாமல்
வினிகர் ஊற்றிச் சுரண்டியிருக்கிறேன்,
இன்னதென்று தெரியாமல்,
பளபளவென்று.

தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு
முன்பணம் கட்டியிருந்தோம்.
கடைக்காரர் ரொகேலியோவைக் கூப்பிட்டு
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார்.
கால், என்றேன்.

சற்றுநேரம் பேச்சில்லை.
ஆமாம் அம்மா, என்றார்,
இங்கே அது நிறைய.